மடிக்கொரு கிட்டார், ஷோகேஸுக்கொரு கிட்டார்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி போனில் அடிக்கிறாள். நடுநடுவே, "பாட்டி, இது வேண்டாம், அப்பா படிச்சா வருத்தப்படுவாவ" என்று விரலை நிறுத்துகிறாள். அவள் நிறுத்துகிற இடங்களைத்தான் கட்டாயம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய அப்பா என் மருமகன். மின்சார ஆபீசில் வேலை. இந்தக் கதையில் பாதி அவருடைய ஆராய்ச்சி. மீதி என்னுடைய கிட்டார்.

எழுபது தாண்டினவளுக்கு எதற்குக் கிட்டார் என்று கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. மார்த்தாண்டத்துக்கு மேற்கே உள்ள ஊர். ஒரு வீட்டில் மீன்குழம்பு கொதித்தால் என்ன மீன் என்று நாலாவது வீட்டில் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கிழவி கிட்டார் பிடித்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? "உபதேசம் பண்ணப் போறியளா, கச்சேரி பண்ணப் போறியளா?" என்று பால்காரன்கூடக் கேட்டான். "முதல்ல உனக்க பாலுல வெள்ளம் கம்மி பண்ணு, பொறவு சொல்லுதேன்" என்றேன்.

தொடங்கியது இப்படித்தான். எங்கள் சர்ச் சபை மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கிட்டார் வகுப்பு நடக்கும். வகுப்புக்கு டீயும் கடலையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொறுப்பு. முறை வைத்துக் கொண்டுபோவோம். என் முறை வந்த அன்று பாத்திரம் திரும்பி வரட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு கிட்டாரைக் கட்டிக்கொண்டு, "சார், விரல் வலிக்கு சார்" என்று ஒரே அழுகை. கம்பியைத் தொட்டதற்கே இந்தப் பாடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிட்டார் சார் சின்ன வயது. அவருக்குக் கோபம். "பாட்டி சிரிக்கியளே, வந்து பிடிச்சுப் பாருங்க பாப்போம்" என்றார்.

போய்ப் பிடித்தேன். அவர் என் விரலை எடுத்துக் கம்பிமேல் வைத்து, அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னிருந்து அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்த கை இது. கொட்டையின் எண்ணெய் விரல்நுனித் தோலை எப்போதோ தின்று தீர்த்துவிட்டு, அந்த இடத்தில் செருப்புத்தோல் மாதிரி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ரேஷன் கடை மெஷினில் நான் விரலை வைத்தால் அது மனுஷ விரல் என்றே ஒத்துக்கொள்ளாது. துடைத்து வை, எண்ணெய் தேய்த்து வை, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். அந்த விரலைத்தான் கிட்டார் ஒத்துக்கொண்டது. வலது கையால் ஒரு இழுப்பு இழுத்தேன். மண்டபம் முழுக்கக் கணீரென்று ஒரு சத்தம். அது என் கையிலிருந்து வந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. டீப் பாத்திரத்தை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் என் முறைதான். வேறு யாரும் டீ கொண்டுவரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிட்டாரில் விரல் வைக்கிற முறைகளுக்கு இங்கிலீஷ் எழுத்துதான் பேர். எனக்குத் தமிழ் எழுத்தே இல்லை, இங்கிலீஷ் எங்கே? நானே பேர் வைத்துக்கொண்டேன். மூன்று விரலும் அடுப்புக்கல் மாதிரி மூலைக்கு ஒன்றாக உட்கார்ந்தால் அடுப்பு. படிப்படியாக இறங்கினால் ஏணி. விரித்துக்கொண்டு நின்றால் கோழிக்கால். சார் முதலில் சிரித்தார். பிறகு பார்த்தால் மற்ற பிள்ளைகளுக்கும், "அடுப்புக்கு வா, ஏணிக்குப் போ" என்றே சொல்லிக்கொடுக்கிறார்.

இந்தச் செய்தி எங்கள் சங்கத் தலைவியின் காதுக்குப் போனது. அவர் ரிட்டையரான தலைமை ஆசிரியை. சபைக்கு வெளியே நிற்கும்போதும் பிரேயர் மணி அடிக்கக் காத்திருப்பதுபோலவே நிற்பார். பாட்டுப் புத்தகத்தைப் பல வருஷமாக நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடுவதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். மனப்பாடமாகப் பாடுகிறவளுக்குப் புத்தகம் எப்படி இருந்தால் என்ன என்று நான் விட்டுவிட்டேன், அவர் விடவில்லை. ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பெண்கள் ஞாயிறுக்கு ஒரு கீர்த்தனைய உங்களுக்கு விட்டிருக்கேன். நீங்கதான் கிட்டார். ஏலாதுன்னா இப்பமே சொல்லிருங்க, கீபோர்டுக்கு ஆளு பாக்கணும்."

"ஏலும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வகுப்புக் கிட்டாரை மண்டபத்துக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வகுப்பு முடிந்ததும் அலமாரியில் பூட்டு. வாரத்துக்கு ஒரு சாயங்காலம் பிடித்தால் என் விரலுக்கு அடுப்பிலிருந்து ஏணிக்கு நேரத்தோடு போய்ச் சேர வராது. வீட்டில் எனக்கென்று ஒன்று வேண்டும். தினமும் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் பெண்களே ஆராதனை நடத்துகிற பெண்கள் ஞாயிறன்று சபை முழுக்கப் பார்க்க, கீபோர்டுக்காரனுக்குப் பக்கத்தில் நான் கைகட்டி நிற்கவேண்டும். தலைவியின் முகத்தில் அன்றைக்கு என்ன சிரிப்பு இருக்கும் என்பதுவரை எனக்குத் தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். மகள், "அம்மைக்கு முட்டு வலிக்குத் தைலம் வாங்கணும்னுல்லா நெனச்சேன்" என்றாள். குவைத்தில் இருக்கிற மகன் மட்டும் வீடியோவில் குதித்தான். "எனக்க அம்மை கிட்டார் வாசிக்காளா! வாங்குனா விலை கூடுனதுதான் வாங்கணும். அத்தான், பைசா நான் அனுப்புதேன், நல்லதா ஒண்ணு பாருங்க."

'பாருங்க' என்கிற வார்த்தையை என் மருமகனிடம் சொல்லக்கூடாது. முன்பு மிக்சி வாங்கும்போது சொல்லிவிட்டு நாங்கள் பட்டது போதும். அவர் எல்லாக் கம்பெனி மிக்சியையும் ஒப்பிட்டு முடிப்பதற்குள் நான் அம்மியில் அரைத்தே கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் கழித்தேன். கிட்டார் என்றதும் மனுஷருக்குக் கண் மின்னியது. ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமல் போனைச் சுவரில் சாய்த்துவைத்து உட்காருவார். ஒருவன் ஒரு கிட்டாரைத் தட்டி, இன்னொன்றைத் தட்டி, இங்கிலீஷில் மணிக்கணக்காகப் பேசுவான். கடைசியில் என்ன சொல்லுகிறான் என்று கேட்டால், "அது அவங்கவங்களப் பொறுத்ததுன்னு சொல்லுதான் மாமி" என்பார். இதைச் சொல்ல அவனுக்கு அத்தனை நேரம். கேட்க இவருக்கு ஒரு மாசம்.

ஆனாலும் ஆராய்ச்சியில் ஒரு விஷயம் வெளியே வந்தது. இடைப்பட்ட விலைக் கிட்டாருக்கு முன்பலகை மட்டும் நல்ல மரமாக இருக்கலாம்; பின்பக்கமும் ஓரமும் ஒட்டுப்பலகை. விலை கூடியதற்கு எல்லாப் பக்கமும் முழு மரம். முன்னால் ஏதோ குளிர்தேசத்து மரம், பின்னால் நம்ம ஈட்டி மரம்.

"முழு மரம்னா அது வயசாக வயசாக சத்தம் நல்லா வரும் மாமி" என்றார்.

"எனக்கும் அப்படித்தான்" என்றேன்.

"ஆனா பக்குவமா வைக்கணும்."

"எனக்கும் அப்படித்தான்."

பேத்தி இங்கே அடிக்காமல் சிரிக்கிறாள். அடி ஏட்டி.

ஒரு வழியாக நாகர்கோவிலுக்குப் போனோம், நான், பேத்தி, மருமகன். கடையில் இடைப்பட்ட விலைக் கிட்டாரெல்லாம் வாசல் பக்கம், குடைக்கடையில் தொங்குகிற மாதிரி தொங்கின. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கூடின விலைக்கு உள்ளே தனி அறை, கண்ணாடிக் கதவு, ஏசி, மூலையில் ஈரப்பதம் பார்க்க ஒரு மெஷின். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குறைமாசப் பிள்ளையை இதில் பாதி வசதியில்தான் வைத்திருப்பார்கள்.

கடைப்பையன் நேரே பேத்தியைப் பார்த்து, "உங்களுக்குத்தானே அக்கா? லெஃப்ட் ஹேண்டா, ரைட் ஹேண்டா?" என்றான்.

"அவளுக்கு இல்ல மக்கா, எனக்கு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், மருமகனைப் பார்த்தான். பிறகு மரியாதையோடு உள்ளே போய், கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குட்டிச் சாமானை எடுத்துவந்து நீட்டினான். நாலே கம்பி. "இது லேசா இருக்கும் பாட்டி. பொழுதுபோக்குக்கு நல்லது."

"இது வளந்த பொறவு காட்டு. இப்பம் பெரியத எடு" என்றேன்.

முதலில் இடைப்பட்டதை எடுத்து மடியில் வைத்தேன். இடுப்பு ஒடுங்கிய, கொஞ்சம் சின்ன உடம்பு. கை சுலபமாக மேலே போய்வந்தது. அடுப்பு, ஏணி, கோழிக்கால். சத்தம் நல்ல சத்தம். கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிற ஆளைப்போல, வந்தது, போனது. கம்பி பலகையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நின்றது. "அதத் தாழ்த்தித் தரலாம் பாட்டி, காசு வேண்டாம்" என்றான் பையன். இதற்குள் அவனுக்கு என்மேல் கொஞ்சம் பயம் வந்திருந்தது.

பிறகு கண்ணாடி அறை. கை துடைக்கத் துணி கொடுத்தார்கள். என் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். சேலைப் பின்னைக்கூட எடுக்கச் சொன்னார்கள். அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்குப் போகும்போதுகூட நான் இத்தனை ஆயத்தம் செய்தது கிடையாது. மகன் போனிலேயே காட்டிச் சொன்ன மாடல் அது, பெரிய உடம்பு. மடியில் வைத்தால் என் தாடைவரை வந்தது. அதற்குமேல் வலது கையைப் போட்டு எட்டிக் கம்பியைத் தொட்டேன்.

சொல்லத்தான் வேண்டும். அது சத்தம்! தாளித்துக் கொட்டிய பிறகும் அடுக்களையில் வாசனை நிற்குமே, அப்படி நின்றது. கையை எடுத்த பிறகும் என் வயிற்றுக்குள் அதிர்ந்தது. பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன் கண்ணை மூடித் தலையாட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ. அதன் விலையில் வாசல் பக்கத்துக் கிட்டார்கள் பலதை வாங்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனது அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஆசைப்பட வயசு வரம்பு இல்லை என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பிறகு கடைப்பையன் பக்குவம் சொன்னான். ஈரம் ஆகாது. ரொம்பக் காயவும் கூடாது. நம்ம பக்கம் ரெண்டு மழையும் பெய்யுமில்லையா, அதனால் ஈரம் குடிக்கிற பொட்டலம் உள்ளே போடவேண்டும். வெளியே சும்மா வைக்கவேகூடாது. எங்கேயாவது இடித்தால் போச்சு. வேர்த்த கையோடு தொடக்கூடாது.

மருமகன் முகம் மலர்ந்துவிட்டது. "மாமி, நம்ம ஷோகேஸ் இருக்குல்லா!"

எங்கள் வீட்டு ஷோகேஸைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்னறைச் சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு, பூட்டு, உள்ளே லைட். மகன் குவைத்திலிருந்து அனுப்பியதெல்லாம் அதற்குள். டின்னர் செட் இருக்கிறது. போதகர் வந்த அன்று வெளியே எடுத்துக் கழுவித் துடைத்தோம். அவர் சாப்பிட்டது வாழையிலையில். சென்ட் பாட்டில்கள் உண்டு. திறக்காமலேயே பாதி வற்றிவிட்டது. எமர்ஜென்சி விளக்கு ஒன்று இருக்கிறது. ஒரு புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் அந்த எமர்ஜென்சி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "கீறல் விழுந்திரும்" என்று மருமகன் எடுக்க விடவில்லை. மின்சார ஆபீசில் வேலை பார்க்கிறவர். சாவி அவருடைய பர்ஸுக்குள். அந்தக் கண்ணாடிக்குள் போன எதுவும் மனுஷர் கைக்குத் திரும்பி வந்ததில்லை.

அன்றைக்குக் கடையில்தான் எனக்கு முதல்முதலாகச் சந்தேகம் வந்தது. ஆனால் அந்தச் சத்தம் காதில் நின்றதால் வாய் திறக்கவில்லை.

மருமகன் உடனே வாங்கிவிடவில்லை. "கடைக்காரன் பேச்ச நம்பப்பிடாது. வாங்கினவன் வீட்டுல நாள்பட்ட பொறவு எப்பிடி இருக்குன்னு பாக்கணும். அதுதான் உள்ளபடி ரிவ்யூ" என்றார். அவருடைய அண்ணன் பேச்சிப்பாறை போகிற வழியில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார். அந்த அண்ணனின் மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதேபோல் கூடின விலைக் கிட்டார் ஒன்று வாங்கி, அங்கே வைக்க இடமில்லாமல் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தான். "அப்பா, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பார்க்க ஒரு ஞாயிறு மத்தியானம் போனோம்.

அண்ணன் நல்ல மனுஷர். வாசலிலேயே, "பத்திரமாட்டு வெச்சிருக்கேன். ஒரு பொட்டு பூசணம் கெடையாது. வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு நடந்தார். வீட்டுக்குள் போவார் என்று பார்த்தால், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். போய் நின்ற இடம் புகைப்புரை.

ரப்பர் ஷீட்டைக் கொடியில் தொங்கவிட்டு, கீழே விறகும் தேங்காய்த் தொண்டும் மூட்டிப் புகைபோட்டு உலர்த்துகிற அறை அது. மலைப்பக்கத்து மழையில் அவர்களுக்கு உலர்ந்த இடம் என்று இருப்பது அது ஒன்றுதான். மிளகு, ஜாதிபத்திரி, ஈரம் பட்ட பத்திரம், எல்லாம் அங்கேதான் போகும். அண்ணனுடைய கல்யாணக் கோட்டும் அங்கேதான் தொங்கும். ஒரு கல்யாண வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது கருவாடு சுடுகிறார்கள் என்று நான் அடுக்களையைத் தேடினேன்.

கதவைத் திறந்தார். வரிசையாக ரப்பர் ஷீட். நடுவில் ஷீட்டோடு ஷீட்டாக, கழுத்தில் கயிறு கட்டி, கிட்டார். வாங்கியபோது வெண்ணெய் நிறமாம். இப்போது நல்ல முதல்தர ஷீட் மாதிரி பழுத்து நின்றது.

"மழ தொடங்குன ஒடனே பெட்டிக்குள்ள பூசணம் அடிச்சுப்போச்சு. பாத்தேன், இதுதான் வழின்னு இங்க கொண்டாந்தேன். இப்பம் பாருங்க, எப்பிடி உணங்கியிருக்கு!"

காய்ந்து உணங்கித்தான் இருந்தது. முன்பலகை உள்ளே குழிந்து, ஓரம் விரிந்து, கம்பிகள் வந்து முடிகிற கட்டை பசை விட்டு வாய் பிளந்து நின்றது. மருமகன் ஒரு கம்பியைத் தட்டினார். தகரமூடி விழுந்த சத்தம்.

"கம்பி லூசாயிருக்கு, அவ்வளவுதான். முறுக்குனா செரியாவும்" என்று அண்ணன் திருகினார். இன்னும் திருகினார். டப்பென்று ஒரு சத்தம். அந்தக் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து ஷீட்டுகளுக்கு நடுவே எங்கேயோ போய் விழுந்தது.

அண்ணன் குனிந்து புகைக்குள் அதைத் தேடினார்.

"அவன்கிட்ட யாரும் சொல்லிரப்பிடாது, கேட்டியளா" என்றார் அண்ணன், மெதுவாக.

பிறகு மரச்சீனிக் கிழங்கும், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்த சாளைமீன் குழம்பும் போட்டார்கள். குழம்பு பிரமாதம். மருமகன் மட்டும் ஒரு துண்டுக் கிழங்கைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். துக்க வீட்டில் சாப்பிடுகிற மாதிரி.

திரும்பி வருகிற பஸ்ஸில் குலசேகரம் தாண்டும்வரை அவர் போனைக்கூட எடுக்கவில்லை. மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "மாமி, எனக்கு இப்பம்தான் தெளிவாச்சு. வெளிய வெச்சதுதான் தப்பு. ஷோகேஸுதான். பூட்டி, உள்ள ரெண்டு பொட்டலம் போட்டு, லைட்டப் போட்டு விட்டா நூறு வருசம் நிக்கும்."

"நான் நூறு வருசம் நிக்கமாட்டேனே மருமோனே. நான் எப்பம் வாசிக்கது?"

அவர் நன்றாக யோசித்தார். "வாரத்துல ஒரு நாளு எடுக்கலாம். மழ இல்லாத நாளா பாத்து. நான் வீட்டுல இருக்கும்ப."

அதற்குச் சபை மண்டபத்து அலமாரியே போதுமே! பூட்டின சாமானுக்கு முன்னால் காத்திருக்கத்தான் நாகர்கோவில்வரை போய் வளையலைக் கழற்றினேனா? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் கலந்து இருமலாகப் போனது. பேத்தி முதுகைத் தட்டினாள்.

அன்று சாயங்காலம் மகன் வீடியோவில் வந்தான். "என்னம்மா, கடையில சொல்லவா? பைசா போட்டாச்சு. அந்தப் பெரியதுதான், என்ன?"

"ஏட்டி, போனை ஷோகேஸ் பக்கம் திருப்பு" என்றேன் பேத்தியிடம்.

திருப்பினாள். நான் ஒவ்வொன்றாகக் கையைக் காட்டினேன். "இது நீ மொத லீவுல கொண்டாந்த தட்டு. இது நீ எனக்கு அனுப்புன சென்டு. இது எமர்ஜென்சி லைட்டு."

அவன் உற்றுப் பார்த்தான். "எல்லாம் புதுசாட்டு இருக்கே."

"புதுசுதான் மக்கா. யாரும் தொடல்ல."

"தொடத்தானம்மா அனுப்புனேன்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தத் தட்டில் நாங்கள் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷமும் அங்கே சாப்பிட்டிருக்கிறான் போல. லீவில் வரும்போது பார்த்தும், தன் வரவுக்காகத்தான் அடுக்கினோம் என்று நினைத்திருப்பான்; பூட்டியே கிடக்கிறது என்று அவனிடம் யாரும் சொன்னதே இல்லை.

"விலை கூடுன சாமான் இந்த வீட்டுக்குள்ள வந்தா அதுக்குச் சாவி உண்டாவும், மக்கா. சாவி உனக்க அத்தானுக்க கையில போவும். அவருமேல குத்தம் இல்ல, நீ கஷ்டப்பட்டு அனுப்புனதுன்னு அவருக்குப் பேடி, ஒண்ணு ஆயிரும்னு பயம். ஆனா எனக்கு பெண்கள் ஞாயிறு வருது. அதுக்கு மடியில கெடக்க ஒரு சாமான் வேணும். விழுந்தா எடுத்துத் துடைக்க ஏலணும்."

"நல்ல சத்தம் வேண்டாமாம்மா?"

"வேணும்தான். அந்தச் சத்தம் இப்பமும் காதுக்குள்ள நிக்கி. பொய் சொல்லமாட்டேன். அது ராணி, வாசல்ல தொங்குன சின்னது வேலைக்காரி. ஆனா ராணியக் கூட்டிட்டு வந்து பூட்டி வெச்சா எனக்கு என்ன கொணம்?"

மருமகன் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். போனை எடுத்து, அந்தச் சின்ன உடம்புக் கிட்டாருக்கு ஆள்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார். மனுஷர் சமாதானம் ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் போய் வாங்கிக்கொண்டு வந்தோம். பையன் சொன்னபடி கம்பியைத் தாழ்த்திக் கொடுத்தான். பையும் இலவசமாகக் கொடுத்தான். வீட்டுக்கு வந்த அன்றே என் வளையல் உரசி முன்பலகையில் ஒரு கோடு விழுந்தது. மருமகன் எழுந்து நின்றுவிட்டார். கிட்ட வந்து குனிந்து, விரலால் கோட்டைத் தடவி, ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்தார். இடைப்பட்ட விலையில் என்ன அருமை என்று நீங்கள் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

அதற்குப் பிறகு அது கட்டிலில் கிடந்தது, நாற்காலியில் கிடந்தது, ஒரு தடவை அரிசிச் சாக்கின்மேல்கூடக் கிடந்தது. காலையில் கஞ்சி அடுப்பில் இருக்கும்போது ஒரு பாட்டு. மத்தியானம் மகள் சீரியல் பார்க்கும்போது ஒரு பாட்டு. அவள் சத்தத்தைக் கூட்டுவாள், நானும் கூட்டுவேன். மழை கொட்டித் தீர்த்தது. ஒட்டுப்பலகை அசையவில்லை, அதற்கு என்னைவிட உடம்பு பரவாயில்லை. அடுப்பிலிருந்து ஏணிக்குப் போகிற வழி என் விரலுக்குப் பழகியது. கோழிக்காலுக்குத் திரும்பி வருகிற வழியில்தான் எப்போதும் ஒரு தடுமாற்றம்.

பெண்கள் ஞாயிறு வந்தது. சபைக்குள் போனால், மூலையில் கீபோர்டும் ஆளும் தயார். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றார் தலைவி. மைக் வைக்கிறவன் பாடுகிறவர்களுக்கு முன்னால் இரண்டு மைக் வைத்துவிட்டு எனக்கு வைக்க மறந்தான். மறந்தானோ, சொல்லி மறந்தானோ. நான் நாற்காலியை இழுத்து மைக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதல் இழுப்பு இழுத்தேன். இரண்டு சரணம் நன்றாகவே போனது. மூன்றாவது சரணத்தில் கோழிக்காலுக்குப் போகவேண்டிய இடத்தில் விரல் அடுப்பிலேயே உட்கார்ந்துவிட்டது. எங்கள் பெண்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, தப்பு வந்தால் இன்னும் உரக்கப் பாடுவார்கள். அன்றைக்குக் கூரை எழும்பப் பாடினார்கள். நான் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு விரலை எடுத்துவைத்தேன். பாட்டு முடிந்தது. கீபோர்டுக்காரன் கடைசிவரை கீபோர்டைத் தொடவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். "கொஞ்சம் தாங்க, பாக்கட்டும்" என்று ஒருத்தி வாங்கினாள். அவளிடமிருந்து அடுத்தவள். ஒருத்தி கம்பியைச் சுண்டினாள், ஒருத்தி முதுகில் தாளம் போட்டாள், ஒருத்தியின் கைப்பிள்ளை அதன் தலையைச் சப்பியது. தலைவியும் வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமா?" என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"தொடுங்க டீச்சர். உக்காந்து மடியில வையுங்க" என்றேன்.

உட்கார்ந்தார். வைத்தார். பிரேயர் மணியை மறந்துவிட்டு ஒரு கம்பியையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து அது யார் கைக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. வெளியே பந்தியில் கூப்பிட்டார்கள், போய் உட்கார்ந்துவிட்டேன்.

பாதிச் சாப்பாட்டில் மருமகன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். "மாமி, கிட்டாரக் காணல்லியே, எங்க?"

"யாருக்க மடியிலயாவது கெடக்கும். நீங்க உக்காருங்க. பப்படம் தீரப்போவுது."